கையடக்க கேம் கருவியில் கோ ஆடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோ பலகையை நேரில் பார்த்திராதவர்களும், பார்த்திருந்தும் எதிரே உட்கார ஆள் கிடைக்காதவர்களும் பெரும்பாலும் இந்த ஆட்டத்துக்குள் நுழைவது ஒரு சிறிய திரையின் வழியாகத்தான். நானும் அப்படி நுழைந்தவன்தான். அந்தச் சிறிய திரை எதைச் சரியாகக் கற்றுக்கொடுக்கிறது, எதைத் தவறாகப் பழக்கிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பல மாதங்கள் மிச்சமாகும் என்பதால், புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கோ என்றால் என்ன? இதற்கு ஏன் இத்தனை பெயர்கள்?

சீனாவில் 2,500 ஆண்டுகளுக்கும் முன்பே ஆடப்பட்ட ஆட்டம் இது. சீனர்கள் வெய்ச்சி என்றும், கொரியர்கள் பாதுக் என்றும், ஜப்பானியர்கள் இகோ என்றும் அழைக்கிறார்கள். உலகெங்கும் பரவிய கோ என்ற பெயர் ஜப்பானிய வழக்கிலிருந்து வந்தது. கையடக்கக் கருவிகளுக்கான பழைய கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை ஜப்பானில் வெளியானவை என்பதால், தேடும்போது இகோ என்ற பெயரையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஆட்டத்தின் பெயரும், ஒரே கல்லை இருவரும் மாறி மாறிப் பிடிக்கும் நிலைக்கு ஜப்பானியர் வைத்த பெயரும் வெவ்வேறு ஒலிகள் என்றாலும், நம் எழுத்தில் இரண்டுமே ‘கோ’ என்றுதான் வரும். குழப்பத்தைத் தவிர்க்க, ஆட்டத்தைக் கோ என்றும், அந்த நிலையை மீள்பிடி என்றும் இங்கே எழுதுகிறேன்.

சதுரங்கம் மட்டுமே தெரிந்தவருக்கு விதிகளைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். விதிகள் மிகவும் குறைவு. காலியான பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி ஒரு கல் வைக்க வேண்டும். கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் வைக்க வேண்டும். வைத்த கல் நகராது. ஒரு கல்லை ஒட்டி, கோட்டின் வழியே இருக்கும் காலிப் புள்ளிகளை அந்தக் கல்லின் மூச்சு எனலாம். சீனர்களும் இதே பொருளுள்ள சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒட்டி நிற்கும் ஒரே நிறக் கற்கள் மூச்சைப் பகிர்ந்துகொள்ளும். கடைசி மூச்சும் அடைபட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் பலகையிலிருந்து எடுக்கப்படும். மீள்பிடி நிலையில் பிடிகொடுத்தவர் உடனே திருப்பிப் பிடிக்க முடியாது. வேறு எங்காவது ஒரு கல் வைத்துவிட்டுத்தான் திரும்ப வர முடியும். இனி வைப்பதற்குப் பயனுள்ள இடம் இல்லை என்று இருவரும் அடுத்தடுத்துக் கை விட்டால், அதாவது கல் வைக்காமல் தம் முறையை விட்டால், ஆட்டம் முடியும். அதிக நிலத்தைச் சூழ்ந்தவர் வெல்வார்.

இந்த விதிகளிலிருந்தே ‘இரண்டு கண்’ என்ற கருத்து பிறக்கிறது. தனித்தனியாக இரண்டு காலி இடங்களை உள்ளே வைத்திருக்கும் கூட்டத்தை எதிராளியால் பிடிக்கவே முடியாது. ஒரு கண்ணை அடைக்க அவர் வைக்கும் கல்லுக்கு மூச்சு இருக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைக்கவும் முடியாது. கோ ஆட்டத்தில் உயிரும் சாவும் இதைப் பொறுத்தவைதான்.

எந்தக் கருவி இதற்குப் பொருத்தமானது?

விளம்பரங்களைப் பார்க்காமல் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். முழுப் பலகையில் குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகளும் 361 புள்ளிகளும் உண்டு. மரப்பலகையில் இரண்டு கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கல்லின் அகலமும் அவ்வளவுதான். இதே பலகையைக் கருவியின் திரை உயரத்துக்குள் அடைத்தால் ஒரு புள்ளிக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

1989-இல் வந்த முதல் கேம் பாயின் திரை 160க்கு 144 பிக்சல். 144-ஐ 19-ஆல் வகுத்தால் ஒரு கல்லுக்கு 7 பிக்சல்தான் மிஞ்சும். அதில் வட்டம் வரைவதே கடினம். பின்விளக்கும் இல்லாத நான்கு சாயல் திரை வேறு. 2001-இன் கேம் பாய் அட்வான்ஸில் இது 8 பிக்சல் ஆனது. 2004-இல் வெளிவந்த நிண்டெண்டோ டி.எஸ். கருவியின் தொடுதிரை 256க்கு 192 பிக்சல் என்பதால் கல்லுக்கு 10 பிக்சல் கிடைக்கிறது. கண்ணால் பார்க்க அது போதும். ஆனால் 3 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 46 மில்லிமீட்டர்தான். ஒரு புள்ளிக்கு 2.4 மில்லிமீட்டர், அதாவது மரப்பலகையில் ஒன்பதில் ஒரு பங்கு. ஸ்டைலஸ் இல்லாமல் அதைத் தொட முடியாது. சோனியின் பி.எஸ்.பி.யில் 2.8 மில்லிமீட்டர் இருந்தாலும் தொடுதிரை கிடையாது. திசைப் பொத்தானால்தான் குறியை நகர்த்த வேண்டும்.

2017-இன் நிண்டெண்டோ ஸ்விட்ச் 6.2 அங்குலத் திரையில் ஒரு புள்ளிக்கு 4 மில்லிமீட்டர் தருகிறது, 5.5 அங்குல லைட் வகையில் அது 3.6 ஆகக் குறையும். 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கின் 7 அங்குலத் திரையில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கிடைக்கும்.

இனி இதே கணக்கை 9 கோட்டுப் பலகைக்குப் போடுங்கள். பழைய டி.எஸ்.ஸிலேயே ஒரு புள்ளிக்கு 5 மில்லிமீட்டரும் 21 பிக்சலும் கிடைத்துவிடுகின்றன. ஸ்டீம் டெக்கில் முழுப் பலகை தரும் வசதியை, அதைவிடப் பல ஆண்டுகள் பழைய சிறு கருவி 9 கோட்டில் தருகிறது. ஆகவே உங்களிடம் ஏற்கெனவே எந்தக் கருவி இருக்கிறதோ அதுவே தொடங்கப் போதுமானது. கோவுக்காக மட்டும் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

9 கோட்டுப் பலகை குழந்தைகளுக்கானது அல்லவா? நேராக 19-இல் தொடங்கக் கூடாதா?

தொடங்கலாம், ஆனால் வேண்டாம். 81 புள்ளிகள் கொண்ட 9 கோட்டுப் பலகையில் இரண்டாவது மூன்றாவது கல்லிலேயே மோதல் தொடங்கிவிடும். பிடித்தல், துண்டித்தல், கண் அமைத்தல், மீள்பிடி ஆகிய எல்லாமே கால் மணி நேரத்துக்குள் நடந்து முடியும். தோற்றால் எந்தக் கல்லால் தோற்றோம் என்பது நினைவில் இருக்கும்போதே அடுத்த ஆட்டத்தை ஆடிவிடலாம். முழுப் பலகையிலோ ஒரு மணி நேரம் ஆடி முடித்த பிறகும், தோற்றது எங்கே என்று புதியவருக்குப் புரியாது. கையடக்கக் கருவி நம்முடன் இருக்கும் இடைவெளி நேரங்களுக்கும் 9 கோட்டின் அளவு பொருந்துகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் 9 கோட்டில் தீவிரமாக மோதுவதுண்டு.

அதே நேரம் அங்கேயே தங்கிவிடவும் கூடாது. மூலை, ஓரம், நடு என்ற வரிசையில் நிலத்தைப் பிரிப்பதும், தொலைவில் இருக்கும் ஒரு கல் இங்கே நடக்கும் சண்டையைப் பாதிப்பதும் பெரிய பலகையில்தான் தெரியும். கருவியில் நமக்கு எதிராளியாக ஆடும் நிரலின் நடுத்தர நிலையை 9 கோட்டில் சரிக்குச் சரியாக வெல்லத் தொடங்கியதும் 13 கோட்டுக்கும், அங்கே சில பத்து ஆட்டங்கள் ஆடிய பின் 19-க்கும் போகலாம்.

ஸ்விட்சில் உள்ள 51 ஆட்டங்களின் தொகுப்பில் கோ இருக்கிறதா?

இல்லை. 2020-இல் வந்த அந்தத் தொகுப்பில் சதுரங்கம், ஷோகி, மங்காலா, ஹெக்ஸ் ஆகியவை உண்டு. கோ பலகையில் ஆடப்படும் கோமோகுவும் உண்டு. கோமோகு என்பது ஐந்து கற்களை வரிசையாக அடுக்கும் வேறு ஆட்டம். படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஜப்பானிய கார்ட்ரிட்ஜ் என் கருவியில் ஓடுமா? மொழி தெரியாதே?

கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், டி.எஸ்., பி.எஸ்.பி. ஆகியவற்றின் ஆட்டங்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. எங்கு வாங்கியதும் எங்கும் ஓடும். டி.எஸ்.ஸுக்குப் பிறகு வந்த கருவிகளில், டி.எஸ்.ஐ.க்கு மட்டுமே உரிய ஆட்டங்களும் 3டி.எஸ். ஆட்டங்களும் பூட்டப்பட்டவை, அவற்றை வாங்கும் முன் எந்த வட்டாரத்துக்கு உரியவை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சில் பூட்டு இல்லை.

மொழியைப் பொறுத்தவரை, நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவான தடையே உண்டு. பலகை அளவுகள் 9, 13, 19 என்று எண்ணாகவே இருக்கும். முன்கல் (பலம் குறைந்தவருக்காக முன்பே பலகையில் வைக்கும் கல்) எண்ணிக்கையும் கோமியும் (வெள்ளைக்கு ஈடாகத் தரும் புள்ளிகள்) எண்கள்தாம். திணறுவது கை விடுதல், தோல்வியை ஏற்றல், திரும்ப எடுத்தல் ஆகிய மூன்று கட்டளைகளில்தான். ஒரு முறை 9 கோட்டில் வேண்டுமென்றே ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து, எந்த வரி எதைச் செய்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பிறகு அந்தத் தாளும் தேவைப்படாது. ஆனால் புதிர்த் தொகுப்புகளில் விளக்கவுரை முக்கியம் என்றால், மொழி தெரியாமல் அதன் பாதிப் பயன் போய்விடும்.

கருவியில் உள்ள நிரல் எவ்வளவு பலமானது?

எந்த ஆண்டில் எழுதப்பட்ட நிரல் என்பதைப் பொறுத்தது அது. கோ வரலாற்றை ஓரளவு தெரிந்துகொள்ளாமல் இதற்கு நேர்மையான விடை சொல்ல முடியாது.

சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம் என்றால், கோவில் அது 250 அளவுக்கு இருக்கும். அதைவிடக் கடினமானது மதிப்பீடு. சதுரங்கத்தில் காய்களை எண்ணியே யார் முன்னிலை என்று ஓரளவு சொல்லிவிடலாம்; கோவில் எல்லாக் கல்லும் ஒன்றே. இருபது கல் கொண்ட ஒரு கூட்டம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பது இன்னும் வைக்கப்படாத ஒரு கல்லைப் பொறுத்திருக்கலாம். அதனால்தான் 1997-இல் டீப் ப்ளூ என்ற கணினி சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற பிறகும் கோ நிரல்கள் சாதாரண ஆட்டக்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து நிரல்களில் வடிவங்களையும் அவற்றுக்கான பதில்களையும் மனிதர்களே எழுதி வைத்தார்கள்.

2006-இல் ரெமி கூலோம் எழுதிய கிரேசி ஸ்டோன் புதிய பாதையைத் திறந்தது. ஒரு நிலையிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் குருட்டாம்போக்கில் இறுதிவரை ஆடிப் பார்த்து, எந்தக் கல் அதிக முறை வெற்றிக்குக் கொண்டுபோகிறது என்று கணக்கிடும் மான்டே கார்லோ முறை அது. 2008-இல் மோகோ என்ற நிரல் 800 செயலிகள் கொண்ட கணினியில் ஓடி, ஒன்பது முன்கல் பெற்று, கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் கிம் மியூங்வானை வென்றது. 2012-இல் ஜென் என்ற நிரல் நான்கு முன்கல்லுடன் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரர் தகெமியா மசாகியை வென்றது. 2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்ற நிரல் முன்கல் எதுவும் இல்லாமல் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்றது.

இந்த வரிசையில் உங்கள் கார்ட்ரிட்ஜ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். டி.எஸ்.ஸின் முதன்மைச் செயலி 67 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 4 மெகாபைட். கேம் பாயில் நினைவகமே 8 கிலோபைட்தான். ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடிப் பார்க்க அங்கே வேகமும் இல்லை, இடமும் இல்லை. பழைய கருவிகளின் நிரல்கள் புதியவருக்கு முதல் சில மாதங்கள் நல்ல எதிராளிகள்; அதன் பிறகு அவற்றின் பதில்கள் மனப்பாடம் ஆகிவிடும். உங்கள் தந்திரம் பலிப்பது நீங்கள் வளர்ந்ததாலா, நிரல் அந்த ஒரு தந்திரத்துக்கு எப்போதும் ஏமாறுவதாலா என்று பிரித்தறிய வேண்டிய நேரம் அது. ஒரே தொடக்கத்தால் மூன்று முறை அடுத்தடுத்து வென்றால், நான்காவது ஆட்டத்தில் வேறு மூலையில் தொடங்கிப் பாருங்கள்.

நிரல் சில நேரம் பொருளே இல்லாமல் கல் வைக்கிறதே, ஏன்?

மான்டே கார்லோ முறையில் ஓடும் நிரல் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்கிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. வெல்லும் வாய்ப்பை மட்டுமே பார்க்கிறது. அரைப் புள்ளியில் உறுதியாக வெல்வதும் நாற்பது புள்ளியில் வெல்வதும் அதற்கு ஒன்றுதான். ஆகவே முன்னிலையில் இருக்கும்போது நிலத்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பாக ஆடும். நீங்கள் நெருங்கி வருவதாகத் தோன்றும், ஆனால் கடைசியில் அரைப் புள்ளியில் தோற்பீர்கள். தோற்கும் நிலையிலோ எந்தக் கல்லும் உதவாது என்பதால் எல்லாமே அதற்குச் சமமாகிவிடுகிறது; உங்கள் நிலத்துக்குள் சாகப்போகும் கல்லாக வைத்துக்கொண்டே போகும். இந்த இரண்டையும் நல்ல ஆட்டம் என்று எண்ணிப் பின்பற்ற வேண்டாம். ஆட்டம் இன்னும் முடிவாகாத நடுப்பகுதியில் நிரல் என்ன செய்கிறது என்பதுதான் கவனிக்கத் தக்கது.

ஆட்டம் முடிந்ததும் எண்ணிக்கை தவறாக வருகிறது. நான் பிடித்த கற்களை நிரல் உயிரோடு இருப்பதாகச் சொல்கிறது. என்ன செய்வது?

பழைய கருவிகளைப் பற்றி எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. ஜப்பானிய விதியில் சூழ்ந்த காலிப் புள்ளிகளும் பிடித்த கற்களும் எண்ணப்படும். தப்ப வழியில்லாத கற்களை உண்மையில் பிடித்து எடுக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்ததும் ‘இவை செத்தவை’ என்று இருவரும் ஒப்புக்கொண்டு எடுத்துவிடுவார்கள். மனிதர்களுக்கு இடையே இது சில நொடி வேலை. எது செத்தது என்று பலவீனமான நிரலுக்குத் தெரியாவிட்டால் ஒப்புக்கொள்ள எதிரே ஆள் இல்லை.

சீன விதி இருக்கிறதா என்று அமைப்புகளில் தேடுங்கள். அதில் பலகையில் நிற்கும் உங்கள் கற்களும் அவை சூழ்ந்த புள்ளிகளும் சேர்த்து எண்ணப்படுவதால், உங்கள் சொந்த நிலத்துக்குள் கல் வைப்பதால் இழப்பு இல்லை. இருவருக்கும் பொதுவான காலிப் புள்ளிகளை முதலில் அடைத்துவிட்டு, பிறகு செத்த கற்களைச் சுற்றி வளைத்து உண்மையிலேயே பிடித்து எடுத்துவிடுங்கள். அதன் பின் நிரல் தவறாக எண்ண எதுவும் மிஞ்சாது.

ஜப்பானிய விதி மட்டுமே இருந்தால், நிரல் ஒவ்வொரு கல்லுக்கும் தன் நிலத்துக்குள்ளேயே பதில் வைக்கும்வரை இருவர் இழப்பும் சமமாகிவிடும். அது கை விட்டபடி இருக்க நீங்கள் மட்டும் உள்ளே வைத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி இழப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் திரை சொல்லும் முடிவை விட்டுவிட்டு நீங்களே எண்ணிக்கொள்வது நல்லது. எண்ணத் தெரிந்துகொள்வது எப்படியும் தேவைதான்.

கோமி 5.5 என்று இருக்கிறது, ஆனால் 6.5 என்று படித்தேனே?

முதலில் வைப்பது கறுப்புக்கு ஆதாயம் என்பதால் வெள்ளைக்கு ஈடாகத் தரும் புள்ளிகள்தாம் கோமி. ஜப்பானில் இது 5.5 ஆக இருந்து 2002-இல் 6.5 ஆனது, சீனாவில் இப்போது 7.5. 1990-களின் கார்ட்ரிட்ஜில் 5.5 இருப்பது அந்தக் காலத்து விதி. அரைப் புள்ளி, ஆட்டம் சமனில் முடியாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படுவது.

‘திரும்ப எடுத்தல்’ வசதியைப் பயன்படுத்தலாமா?

விரல் வழுக்கித் தவறான புள்ளியில் விழுந்த கல்லைத் தவிர, பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்வேன். இதில் எனக்குச் சற்றும் தயக்கமில்லை, ஏனென்றால் முதல் ஆண்டு முழுவதையும் இதில்தான் வீணாக்கினேன். ஒரு கல்லை வைப்பேன், நிரல் தண்டிக்கும், திரும்ப எடுத்து வேறிடத்தில் வைப்பேன், அதுவும் தவறானால் மறுபடியும் எடுப்பேன். கடைசியில் வென்றுவிடுவேன். நிரலின் ஆறாவது நிலையை வென்றவன் என்ற நினைப்போடு ஒருநாள் மரப்பலகையின் முன் உட்கார்ந்தபோது, என் எதிரே இருந்த முதியவர் ஐந்து முன்கல் கொடுத்தும், பத்து நிமிடத்தில் என் மூன்று கூட்டங்களும் செத்துப்போயின. கல்லை வைத்துப் பார்த்துத்தான் எனக்கு யோசிக்கத் தெரிந்திருந்தது. வைக்காமல் யோசிக்கத் தெரியவில்லை.

கோவில் திறமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்: நான் இங்கே வைத்தால் அவர் அங்கே, பிறகு நான் இங்கே என்று, பலகையில் இல்லாத கற்களை மனத்தில் நிறுத்திப் பார்ப்பது. திரும்ப எடுக்கும் பொத்தான் அந்த வேலையை மனத்திடமிருந்து பிடுங்கி விரலிடம் கொடுத்துவிடுகிறது. அமைப்புகளில் அதை அணைக்க முடியுமானால் முதல் நாளே அணைத்துவிடுங்கள். எளிதாக்கிக்கொள்ள வேண்டும் என்றால் முன்கல் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு முதல் ஒன்பது கற்கள் வரை முன்பே பலகையில் வைத்துத் தொடங்குவது கோவில் இழுக்கல்ல, இரு தரத்தவரும் சமமாக மோதுவதற்காக ஏற்பட்ட முறை அது.

புதிர்களை எப்படிப் பயில்வது?

கையடக்கக் கருவியின் உண்மையான பெருமை எதிராளி நிரலில் இல்லை, புதிர்களில்தான் இருக்கிறது. ஒரு மூலையில் சில கற்கள் தரப்பட்டு ‘கறுப்பு முதலில் வைத்து வெள்ளையைக் கொல்க’ அல்லது ‘உயிர்பிழைக்கச் செய்க’ என்று கேட்கும் இந்தப் புதிர்களை ஜப்பானியர்கள் சுமேகோ என்பார்கள். மூலை மட்டும் திரையில் பெரிதாகத் தெரிவதால் சிறிய திரை இங்கே குறையே அல்ல.

பயிலும் முறையில் ஒரே ஒரு கட்டுப்பாடு வேண்டும். முழுத் தொடரும் மனத்தில் முடியும் வரை திரையைத் தொடக்கூடாது. ஸ்டைலஸைக் கருவிக்குள் செருகிவிட்டு, கண்ணால் மட்டும் பாருங்கள். முதல் கல், அதற்கு எதிராளியின் மிக வலுவான பதில், அதற்கு அடுத்து; பிறகு எதிராளி வேறு பதில் சொன்னால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். இவ்வளவும் உறுதியான பிறகு தொட்டு, விடை தவறானால், எந்தப் பதிலைக் கவனிக்காமல் விட்டோம் என்று கண்டுபிடியுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரியாவிட்டால் விடையைப் பார்த்துவிடலாம்; அதே புதிருக்கு மறுநாள் திரும்ப வாருங்கள். எளிய புதிர்களைப் பலமுறை செய்வது கடினமான ஒன்றில் நாள் முழுவதும் சிக்கிக்கொள்வதைவிடப் பயன் தரும். ‘மூன்று புள்ளி வெற்றிடத்தின் நடுவே எதிராளி வைத்தால் இரண்டு கண் ஆகாது’ என்பதை யோசிக்காமல் கண் கண்டுகொள்ளும் நிலை வரவேண்டும். அது எண்ணிக்கையால் மட்டுமே வருகிறது.

கல் அடிக்கடி பக்கத்துப் புள்ளியில் விழுகிறது. தவிர்க்க முடியுமா?

பல ஆட்டங்களில் உறுதிப்படுத்தும் வசதி உண்டு: முதல் தொடுகையில் நிழல் கல் தோன்றும், இரண்டாவது தொடுகையில்தான் அது நிலைக்கும். முதலில் அதை இயக்குங்கள். பெரிதாக்கும் வசதி இருந்தால் அதையும். டி.எஸ்.ஸின் திரை அழுத்தத்தை உணரும் வகையைச் சேர்ந்தது. எல்லாத் தொடுகையும் ஒரே பக்கமாக விலகினால், கருவியின் அமைப்புகளில் தொடுதிரையைச் சரிசெய்யும் பகுதிக்குப் போய்க் குறிகளைத் துல்லியமாகத் தொட்டால் சீராகிவிடும். 19 கோட்டில் நான் தொடுதிரையை விட்டுவிட்டுத் திசைப் பொத்தானையே பயன்படுத்துகிறேன். மெதுவானது, ஆனால் குறி நகரும் அந்த ஓரிரு நொடியில் பலமுறை என் முடிவை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேர் ஆட இரண்டு கருவிகள் வேண்டுமா?

வேண்டாம். சீட்டாட்டம் போல மறைக்க வேண்டியது கோவில் எதுவுமே இல்லை. ஒரே கருவியைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடலாம். நடுவில் வைத்தும் ஆடலாம். பலகை நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் தலைகீழாகப் பார்ப்பவருக்கும் தொல்லை இல்லை.

இணைய வழி ஆட்டத்தைப் பொறுத்தவரை, டி.எஸ்.ஸின் இணையச் சேவை 2014 மே மாதத்திலும், 3டி.எஸ்.ஸின் சேவை 2024 ஏப்ரலிலும் நிறுத்தப்பட்டன. பழைய ஆட்டங்களின் அட்டையில் இணையப் போட்டி என்று அச்சிட்டிருந்தாலும் இனி அது இயங்காது. 3டி.எஸ். இணையக் கடையிலும் 2023 மார்ச்சுக்குப் பிறகு புதிதாக வாங்க முடியாது.

சேமித்த ஆட்டம் மறுநாள் காணவில்லை. கருவி பழுதா?

கேம் பாய் காலத்துக் கார்ட்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். சேமிப்பைக் காப்பது அந்த பேட்டரிதான். அது பற்றவைத்துப் பொருத்தப்பட்டிருப்பதால், மாற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. கழற்றியதும் பழைய சேமிப்புகள் அழிந்துவிடும். டி.எஸ். கார்ட்ரிட்ஜ்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஆடிய ஆட்டத்தை ஆராய முடியுமா?

பழைய கருவிகளிலிருந்து ஆட்டப் பதிவை வெளியே எடுக்க வழி இருப்பதில்லை. கிஃபு எனப்படும் பதிவுத்தாளில், கட்டம் போட்டு, வைத்த வரிசையில் 1, 2, 3 என்று எண்களைக் கையால் எழுதலாம். 9 கோட்டில் இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு வாரம் செய்தால் ஆட்டம் முழுவதும் நினைவில் நிற்கத் தொடங்கும்.

ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்களுக்கு வேறு வசதி உண்டு. அது லினக்ஸில் ஓடும் கணினி என்பதால், டேவிட் வூ உருவாக்கி 2019-இல் வெளியிட்ட கடாகோ என்ற திறந்த மூல நிரலை அதில் நிறுவலாம். பதிவுகளுக்கான பொது வடிவமான எஸ்.ஜி.எஃப். கோப்பைத் திறந்து, எந்தக் கல்லில் எத்தனை புள்ளி இழந்தீர்கள் என்று பார்க்கலாம். வெற்றி வாய்ப்போடு புள்ளி வித்தியாசத்தையும் கடாகோ மதிப்பிடுகிறது. தொழில்முறை ஆட்டக்காரர்களையே மிஞ்சும் பலம் கொண்டது அது. ஆனால் ஆடும்போதே அதைத் திறந்து வைக்காதீர்கள். திரும்ப எடுக்கும் பொத்தானைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் இதற்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஆட்டம் முடிந்த பிறகு, எங்கே தவறினோம் என்று முதலில் நீங்களே ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு, அதன் பின் நிரலைக் கேளுங்கள்.

திரையில் பழகியவர் மரப்பலகைக்கு மாறும்போது என்ன வேறுபாடு தெரியும்?

முதலில் கண் தடுமாறும். 46 மில்லிமீட்டர் திரையில் முழுப் பலகையும் ஒரே பார்வைக்குள் அடங்கும். மரப்பலகையிலோ ஏறத்தாழ 42க்கு 45 சென்டிமீட்டர் பரப்பை நீங்களே கண்ணால் சுற்றிவர வேண்டும். எதிர்மூலையில் உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு மூச்சு மிஞ்சியிருப்பதைத் திரை மின்னி எச்சரிக்கலாம், மரம் எச்சரிக்காது. கடைசியாக வைத்த கல்லில் குறி இருக்காது. பிடித்த கற்களை நீங்களே எடுத்துப் கற்கள் வைக்கும் கிண்ணத்தின் மூடியில் போட வேண்டும், மீள்பிடியில் உடனே திருப்பிப் பிடிக்கக்கூடாது என்பதை நீங்களே நினைவில் வைத்திருக்க வேண்டும், முடிவில் நீங்களே எண்ண வேண்டும்.

இதற்குத் தயாராக, நேரில் ஆடுவதற்கு முன் இரண்டு வாரங்கள் கருவியில் எச்சரிக்கையையும் கடைசிக் கல்லின் குறியையும் அணைத்து ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும், கருவி எண்ணிச் சொல்லும் முன் உங்கள் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதுங்கள். நேரில் உட்காரும் முதல் நாளில், எத்தனை நிலைகளை வென்றீர்கள் என்பதைச் சொல்ல வேண்டாம். சிறு திரையில் பழகியவன், எத்தனை முன்கல் பொருந்தும் என்று பார்க்க ஒரு 9 கோட்டு ஆட்டம் ஆடலாமா என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் கல்லைப் பலகையில் வைக்கும் அந்த ஒலியை எந்தக் கருவியும் எனக்கு இதுவரை தந்ததில்லை.